பள்ளிக்குப் போகும் பாதை யாருடையது?



தமிழ்ப்பள்ளி என்றதும் நாம் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறோம். கணினி அறையைப் பற்றிப் பேசுகிறோம். மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைவதைப் பற்றிப் பெருங்கவலையோடு பேசுகிறோம். பள்ளியின் வாயிற்கதவுக்கு வெளியே தொடங்கும் சாலையைப் பற்றி மட்டும் எந்தக் கூட்டத்திலும் பேச்சு எழுவதில்லை. கதவுக்கு உள்ளே இருக்கும் வரை பிள்ளைக்கு ஆசிரியர் உண்டு, காவலர் உண்டு, விதிமுறை உண்டு. கதவைத் தாண்டி ஓரடி வைத்துவிட்டால், அவன் லோரிக்கும் காருக்கும் ஒதுங்கிப் போக வேண்டிய ஒரு சிறு உருவம், அவ்வளவே.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தமிழாசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். சாலையைப் பற்றி எனக்கு முதலில் பாடம் சொன்னது வகுப்பு வருகைப் பதிவேடுதான். மழை கொட்டிய மறுநாள் வராத பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரே தாமானிலிருந்தோ ஒரே லயத்திலிருந்தோ வருபவர்களாக இருப்பார்கள். நோய் இப்படி ஒரே தெருவாகத் தேடிப் பிடிப்பதில்லை. பாதைதான் பிடிக்கிறது!

தோட்டமும் சாலையும்

இவ்வட்டாரத்தின் வரலாறு அறிந்தவர்களுக்கு இச்சிக்கலின் வேர் புரியும். இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தையில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழ்! மலாயாவில் வணிக அடிப்படையில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917-ஆம் ஆண்டில் அத்தோட்டத்தில்தான். உலகச் சந்தையில் இந்நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்த ஒரு பயிர், நம் முன்னோர் மண்வெட்டி பிடித்த இம்மண்ணில் தொடங்கியது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலரும்.

அக்காலத்துத் தோட்டம் தனி உலகம். லயம், ஆயாக் கொட்டகை, கோயில், மருந்தகம், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கும் தொலைவில் இருந்தன. அவற்றை இணைத்த செம்மண் சாலையும் தோட்டத்துக்கே சொந்தம். சாலை தோட்டத்துக்குச் சொந்தம் என்றால், அதில் எப்படிப் போக வேண்டும் என்று விதிப்பதும் தோட்டமே. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பிற தோட்டங்களுக்கும் பரவிய தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நினைவுகூருங்கள். ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரையும் தோட்ட அலுவலர்களையும் எதிரில் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இன்று அதைப் படிக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கோ அக்கோரிக்கையின் பொருள் ஆழமாகத் தெரிகிறது. சாலையில் தலைநிமிர்ந்து போகும் உரிமையை நம்மவர்கள் ஊதியத்துக்கு நிகராக வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவ்வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பாதையைக் கேட்பது அற்பக் காரியம் என்று எவரேனும் சொன்னால், இந்த வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளி நின்றது, பாதை மாறியது

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. தோட்டம் போன பிறகும் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டு நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பல. பள்ளி பழைய இடத்தில் நிற்க, பெற்றோர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். சில இடங்களில் பெற்றோர் அங்கேயே இருக்க, பள்ளி பெருஞ்சாலை ஓரத்திற்கு மாறியது. எப்படியாயினும் விளைவு ஒன்றே. முன்பு செம்மண் பாதையில் நடந்த பிள்ளை இன்று பெருஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரத்தின் பெருஞ்சாலைகளை நீங்கள் அறிவீர்கள். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வழியாகத் தெலுக் இந்தானை நோக்கி ஓடுவது 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை. சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக், புக்கிட் ரோத்தான் வழியாக வருவது 54-ஆம் எண் சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மணல் லோரி, குப்பை லோரி, விடுமுறை நாள்களில் மின்மினிப் பூச்சியையும் கடலுணவையும் நாடி வரும் கார்கள் அனைத்தும் இச்சாலைகளில்தான் ஓடுகின்றன. இவை ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்காக அமைக்கப்பட்டவை. நடுவில் குறுக்கே கடக்க வேண்டிய ஏழு வயதுப் பிள்ளையை நினைத்து அமைக்கப்பட்டவை அல்ல.

இன்னொன்றும் உண்டு. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதனால் இங்கே பொழுது புலர ஏழு மணிக்கு மேல் ஆகிறது. ஏழரை மணிப் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளை பாதி வழியை இருட்டில் கடக்கிறது. ஒரு தெருவிளக்கு எரியாமல் போனால் நமக்கு அது சிறு குறை. அப்பிள்ளைக்கு அது பாதையே மறைந்து போவது.

ஒரு மழைக்கால மாலை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல மழை. சாலையும் ஓரத்துக் கால்வாயும் ஒரே மட்டமாக நீரில் மூழ்கிக் கிடந்தன. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பின்னால் வந்த லோரிக்கு ஒதுங்கியபோது மூடியில்லாத கால்வாய்க்குள் விழுந்துவிட்டாள். அவளை அழைத்துப் போக வந்திருந்த பாட்டி குடைக்காம்பை நீட்டிப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். கையெலும்பு முறிந்ததோடு போயிற்று. நீரின் வேகம் இன்னும் சற்று மிகுந்திருந்தால்...? அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவ்வாரமே பெற்றோர் கூடினர். ஒரு தந்தை எழுந்து கேட்டார்: "டீச்சர், இத எந்த ஆபீஸ்ல போய் சொல்றது? யாரக் கேட்டாலும் இது எங்க ரோடு இல்லன்னுதான சொல்றாங்க?"

மெய்தான். அவர் கேட்டதில் கோபத்தைவிடச் சோர்வே மிகுதியாக இருந்தது. அடுத்துப் பேசிய தாய் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "தமிழ்ப்பள்ளியில போடணும்னுதான் ஆசை டீச்சர். ஆனா சின்னவன அடுத்த வருசம் வேற பள்ளியில போடலாம்னு இருக்கோம். அங்க ரோட்டத் தாண்ட வேண்டாம்."

மாணவர் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கருத்தரங்குகளில் காரணம் தேடுகிறோமே! இந்தத் தாயின் காரணம் எந்த ஆய்வறிக்கையிலாவது இருக்கிறதா? தமிழ்மேல் பற்றில்லாதவர் அல்லர் அவர். அவருக்கும் நம் பள்ளிக்கும் நடுவே ஒரு சாலை கிடக்கிறது.

கூட்டத்தின் ஓரத்தில் சிலர் பேசாமலே இருந்தனர். அவர்கள் இன்னும் லயத்து வீடுகளில் குடியிருப்பவர்கள். வீடு அவர்கள் பெயரில் இல்லை. புகார் செய்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. அவர்களைக் கையொப்பமிடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் கடிதம் போவதென்று முடிவாயிற்று.

யாருடைய சாலை?

ஒரு சனிக்கிழமைக் காலை, பிள்ளைகள் வரும் அதே நேரத்தில், தாமானின் கடைசி வீட்டிலிருந்து பள்ளிக் கதவு வரை நாங்கள் நடந்தோம். பெற்றோர் எண்மர், ஆசிரியர் மூவர், பாட்டி ஒருவர். கையில் குறிப்பேடும் டார்ச் விளக்கும். எங்கே கால்வாய் மூடியில்லை, எந்தக் கம்பத்தில் விளக்கில்லை, எங்கே புதர் மண்டிச் சாலையோரம் மறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். விளக்குக் கம்பங்களில் இருந்த எண்களைக் கூடக் குறித்தோம்.

அந்த நடையில் கற்ற பாடம் இதுதான்: நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பாதை, அரசாங்கத் தாள்களில் நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது.

கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். பார்த்துக்கொள்கிறது. அதன் சாலைப்பலகையில் வெறும் எண் மட்டும் இருக்கும். மாநிலச் சாலை என்றால் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். சிலாங்கூருக்கு அது 'பி'. தாமான் உள்சாலைகள் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. கோலசிலாங்கூரில் அது முன்பு மாவட்ட மன்றமாக இருந்து இப்போது நகராண்மைக் கழகமாக உயர்ந்திருக்கிறது. தோட்டத்து உள்சாலையோ தனியார் நிலம். அங்கே தொழிலாளர் குடியிருப்பின் அடிப்படை வசதிகளுக்கு 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டத்தின்படி முதலாளியே பொறுப்பு. தோட்டம் கைமாறித் தொழிலாளர் நிலை மாறிய இடங்களில்தான் 'யாருக்கும் சொந்தமில்லாத' சாலைகள் பிறக்கின்றன.

இதில் பணத்தின் கணக்கும் இருக்கிறது. மாநிலச் சாலைகளையும் ஊராட்சி மன்றச் சாலைகளையும் பராமரிக்கக் கூட்டரசு அரசாங்கம் மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்குகிறது. 'மாரிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சாலைப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ள சாலைகளின் நீளமே அதற்கு அடிப்படை. பதிவேட்டில் இல்லாத சாலைக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை. ஆகவே, "எங்கள் சாலையைச் செப்பனிடுங்கள்" என்று கேட்பதற்கு முன்னால், "எங்கள் சாலை பதிவேட்டில் இருக்கிறதா? இல்லையெனில் எப்போது சேர்ப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி அலுவலகத்தில் நம்மை நோக்கும் பார்வையையே மாற்றிவிடுகிறது.

எங்கள் முதல் கடிதத்துக்குச் சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது: எங்கள் பொறுப்பு இல்லை. இரண்டாவது அலுவலகமும் அவ்வாறே சொன்னது. மூன்றாம் முறை உத்தியை மாற்றினோம். ஒரே கடிதம், கையால் வரைந்த ஒரு வரைபடம், எண்ணிட்ட படங்கள், தொடர்புடைய எல்லா அலுவலகங்களுக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் படி. யார் யாருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்பதைக் கடிதத்தின் அடியிலேயே எழுதினோம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் அந்த மற்றவரும் அதே தாளைக் கையில் வைத்திருப்பார் அல்லவா?

பிறகுதான் எல்லாரும் ஒரே நாளில் நேரில் வந்து பார்த்தனர். வந்தவர்களுக்குப் பாதையைச் சுட்டிக்காட்டியவர் அந்தப் பாட்டி. அவருக்கு மலாய்மொழியில் சில சொற்களே வரும். கால்வாய் அருகே நின்று, "சினி ஜாத்தோ" என்றார். இங்கேதான் விழுந்தாள் என்று பொருள். வந்த அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

கிடைத்தவை: கால்வாய்க்கு மூடி, இரண்டு விளக்குகள், பள்ளிப் பகுதி என்னும் எச்சரிக்கைப் பலகை. கிடைக்காதவை: பெருஞ்சாலையைக் கடக்கச் சைகை விளக்கு, சாலையோர நடைபாதை. அவற்றுக்கான கடிதங்கள் இன்னும் போய்க்கொண்டே இருக்கின்றன. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் அம்மி பாதி நகர்ந்திருக்கிறது.

கேட்டும் கிடைக்காதபோது

கேட்பதால் என்ன பயன் என்று அலுத்துக்கொள்வோருக்கு ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே தொடக்கப்பள்ளி மாணவர்கள் வரிசையாகக் கூடி நடந்து பள்ளிக்குப் போவது நெடுநாள் வழக்கம். 2021 ஜூன் 28-ஆம் நாள், சிபா மாநிலத்தின் யச்சிமத்தா நகரில், பள்ளி முடிந்து நடந்து வந்த பிள்ளைகள்மீது குடிபோதையில் ஒருவர் ஓட்டிய லோரி மோதியது. இரண்டு பிள்ளைகள் மாண்டனர், மூவர் காயமுற்றனர். அச்சாலையில் நடைபாதை இல்லை. தடுப்புக்கம்பி வேண்டுமென்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டிருந்தது!

அதன்பின் ஜப்பானிய அரசாங்கம் நாடெங்கும் பள்ளிப் பாதைகளைச் சோதிக்க ஆணையிட்டது. ஏறத்தாழ 76,000 இடங்கள் கவனிக்கப்பட வேண்டியவை என்று கண்டறியப்பட்டன. உயிர் போன பிறகு நடந்த அந்தச் சோதனை, சங்கம் கேட்டபோதே நடந்திருக்கக் கூடாதா? இந்த வினா ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். வேகத்தின் கொடுமையை உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கால் விளக்குகிறது: கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆக உயர்ந்தால், நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது. ஓட்டுநருக்கு அந்தப் பதினைந்து கிலோமீட்டர் மிதியை இலேசாக அழுத்துவது. நடப்பவருக்கு அது உயிர். பள்ளிப் பகுதியில் 30 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது. வேகத்தடையும் கோடுகளும் கண்காணிப்பும் சேர வேண்டும்.

தாய்த்தமிழகத்திலிருந்தும் ஒரு செய்தி. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை அதற்கென ஒதுக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். நெரிசலுக்குப் பேர்போன பாண்டி பசாரில் 2019-இல் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அத்துணைப் பெரிய நகரத்தின் கடைத்தெருவிலேயே இடம் கண்டுபிடிக்க முடிந்தது என்றால், செம்பனைக் காட்டின் ஓரத்தில் ஒரு மீட்டர் அகல நடைபாதைக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

நம் கண்ணெதிரே இன்னொரு சான்றும் உண்டு. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்து வந்தனர். 2020-களில்தான் அக்கோரிக்கை அரசாங்க வீடமைப்புத் திட்டமாக உருப்பெற்றது. கேட்டவர்களுள் சிலர் அதைக் காணாமலே மறைந்திருப்பார்கள். ஆயினும் அவர்களின் கோரிக்கை மறையவில்லை. கைமாறிக் கைமாறி நின்றது.

ஆசிரியருக்கு இது வேலையா?

"பாடம் நடத்துவதே பெரும்பாடு, இதில் கால்வாய் மூடியையும் நாம்தான் பார்க்க வேண்டுமா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. என் மறுமொழி இது: அலுவல் கடிதம் எழுதுவது எப்படி என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, முறையீடு, நன்றி என்று வடிவம் பிசகாமல் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். அக்கடிதம் மெய்யான ஒரு முகவரிக்குப் போய், மெய்யான ஒரு மூடி வந்து சேர்வதைப் பிள்ளைகள் ஒருமுறை கண்டால், அதைவிடச் சிறந்த மொழிப்பாடம் வேறேது?

வேனில் அனுப்பினால் தீர்ந்தது என்பார் சிலர். வேன் கட்டணம் தர இயலாத குடும்பத்துப் பிள்ளைதான் நடக்கிறது. ஆகவே பாதையைப் பாதுகாப்பது என்பது, நம்முள் மிக எளியவரின் பிள்ளையைப் பாதுகாப்பது.

இறுதியாக, செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்:

1. பிள்ளைகள் நடக்கும் நேரத்தில், அவர்கள் நடக்கும் பாதையில் நடந்து பாருங்கள். காரில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

2. 'சாலை மோசம்' என்று எழுதாதீர்கள். எந்தக் கம்பம், எந்த வீட்டுக்கு எதிரே, எத்தனை அடி என்று எழுதுங்கள்.

3. சாலை யாருடையது என்பதை முதலில் அறியுங்கள். தெரியாவிடில் எல்லாருக்கும் படி அனுப்புங்கள்.

4. புகார் எண்ணையும் நாளையும் பேசியவரின் பதவியையும் ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். சங்கத்தின் செயலவை மாறினாலும் குறிப்பேடு மாறக்கூடாது.

5. ஊராட்சி மன்றங்கள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆண்டிறுதிக்குள் முடிவு செய்கின்றன. அதற்குப் பல மாதங்கள் முன்பே உங்கள் கடிதம் அங்கே இருக்கட்டும்.

6. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. மன்ற உறுப்பினர்களை இன்று மாநில அரசாங்கமே நியமிக்கிறது. நாம் வாக்களித்து அனுப்பாதவர்கள் என்பதால் நம் குரல் தானாக அவர்களைச் சேராது. ஆனால், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறு தீர்மானம் செய்தாலொழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. போய் அமருங்கள்.

7. வேலை நடந்தால் நன்றிக் கடிதம் எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அதே அதிகாரிதான் பிரிப்பார்.

1941-இல் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அச்சமின்றி நடந்து வர ஒரு மீட்டர் அகலப் பாதையைக் கேட்போம். கிடைக்கும் வரை கேட்போம்.

உங்கள் பள்ளிப் பாதை எப்படி இருக்கிறது? வரும் சனிக்கிழமை ஒருமுறை நடந்து பாருங்களேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை